ஞானத்தின் மூன்றாவது கோட்

தேவசகாயம் ஞானத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது கோத்தகிரியில், மாதியக்கா டீக்கடையில், ஒரு காலை ஒன்பது மணிக்கு. ஞானம் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

தேவசகாயத்துக்கு வடை இறங்கவில்லை. எதிர்மேட்டில் டாக்டரம்மா பங்களா ஹாலுக்குத் தேக்குப் பலகைத் தரை போட்ட ஆசாரி அவன். மூன்று மாத வேலை. அதன்மேல் கண்ணாடியாய் இறுகும் பி.யூ. பாலிஷ் அடித்தது ஞானம். பதினோரு மணிக்கு டாக்டரம்மா வருகிறார். ஒரு குமிழி கையில் நெருடினாலும் பலகையைப் பெயர்த்துவிட்டுக் கல் பதித்துவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"டின்னைக் குலுக்கலையே?"

"குலுக்கறதா? தூங்குற குழந்தை மாதிரி தூக்கினேன்யா."

"ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல உப்புத்தாள் போட்டியா?"

"போட்டேன், தூசி துடைச்சேன், ஃபேனை நிறுத்தினேன். மூச்சுவிட ஒரே ஒரு ஜன்னல். நேத்து சாயங்காலம் மூணாவது கோட் முடிஞ்சதும் ஒரு ஈ வந்து உட்கார்ந்துச்சு. எங்க உட்கார? வழுக்கிக்கிட்டுப் போய்ச் செவுத்துல மோதிருச்சு. ஆறு காலும் சுளுக்கு."

"ஈரத்துல ஈ ஒட்டிக்கும்யா."

"மத்தவன் பாலிஷ்ல ஒட்டும். என் தரையில எதுவுமே ஒட்டாது."

மாதியக்கா டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். அது போதும் ஞானத்துக்கு.

"குன்னூர்ல ஒரு எஸ்டேட் முதலாளி வீட்டுக்கு அடிச்சேன் பாருங்க. ஜன்னல் வழியா வெயில் உள்ள விழுந்துச்சு. நிக்க முடியல. அப்படியே வழுக்கி வாசல் வழியா வெளிய போயிருச்சு. அந்த வீட்டுல இன்னிக்கும் பகல்லயே லைட்டு."

"கரண்ட்டுக்காரன் சொன்னானா?" என்றான் தேவசகாயம்.

"அட, முதலாளி உள்ள வந்தாரு. அவர் நின்னுட்டாரு, அவர் நிழல் நிக்கல. வளைவு வளைவா மலை இறங்கி, மேட்டுப்பாளையத்துல ஒரு பாக்கு மண்டியிலதான் பிடிச்சாங்க. மத்தியான பஸ்ல ஏத்தி அனுப்பினாங்க."

"டிக்கெட் வாங்கினாங்களாண்ணா?" என்றாள் மாதியக்கா.

"அரை டிக்கெட். மத்தியானத்துல நிழல் குட்டைதானே?"

"அதெல்லாம் இருக்கட்டும். உன் செருப்பு எங்கய்யா?" என்றான் தேவசகாயம். பாதத்து வேர்வை பலகையில் படக்கூடாதென்று ஒவ்வொரு தரைக்கும் புது ரப்பர் செருப்பு வாங்குகிறவன் ஞானம்.

ஞானம் வடையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான். "வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. போய்த் தேடணும்" என்றவன், வந்து நின்ற மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

தேவசகாயம் பங்களாவுக்கு ஓடினான். ஹால் வாசலில் மண்டியிட்டு உள்ளங்கையால் தடவினான். நெருடவில்லை. கண்ணாடி. அவன் முகமே கீழேயிருந்து அவனைப் பார்த்தது. நிமிர்ந்தான். கோடியில், ஜன்னலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு நின்றது.

"உள்மூலையில ஆரம்பிச்சு வாசல்ல முடிக்கணும், அதுகூடத் தெரியாதாய்யா அந்தாளுக்கு?" என்று வாட்ச்மேன் தர்மனிடம் பாய்ந்தான்.

"தெரியுமுங்க. நான்தான் ஜன்னலுக்கு வெளிய நின்னு கதை கேட்டுக்கிட்டிருந்தேன். சொல்லிக்கிட்டே, அடிச்சுக்கிட்டே, என்னைப் பார்த்து வந்துட்டாரு. கடைசியில செருப்பைச் சுத்தியும் அடிச்சாச்சு. அதை விட்டுட்டு ஜன்னல் வழியா குதிச்சாரு."

தேவசகாயம் காலுறை மாட்டிக்கொண்டு போய் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பலமாக இழுத்தால் பாலிஷே உரிந்து வரும்.

வாசலில் கார் நின்றது. டாக்டரம்மா குனிந்து தடவினார், தலையாட்டினார், அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அது என்ன?"

அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்லிப் பழகாதவன் தேவசகாயம். மூன்று மாத வேலையை ஒரு தடவை பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

"அதை எடுத்துடாதீங்கம்மா. தரை அவ்வளவு வழுவழுப்பு. அந்த ரெண்டும்தான் பிடிச்சு நிறுத்தியிருக்கு. எடுத்தா ஹால் மேட்டுப்பாளையம் போயிடும்."

டாக்டரம்மா செருப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு ஜோடி போதுமா?" என்றார்.

கல் பதிக்கவில்லை. ஞானம் அடுத்த மாதம் மேட்டுப்பாளையத்தில் நெஞ்சுவலியில் இறந்துபோனான். கால் தடுக்குகிறதென்று பிறகு யாரோ செருப்பின் வாரை அறுத்துவிட்டார்கள். அடிப்பாகம் இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. ஒன்பதாம் நம்பர், ஜன்னலைப் பார்த்தபடி.