சங்கிலி அறுந்த உச்சி நேரம்

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் கொஞ்சம் இங்கே காது கொடுங்கள். இந்த வழக்கில் குற்றவாளிக்குப் பஞ்சமில்லை. மூன்று பேர் "நான்தான், நான்தான்" என்று முன்னால் வந்து நிற்கிறார்கள். சிக்கலே அதுதான்.

தூத்துக்குடியில் ஒரு தெருவில் பெண்கள் ஜெபக்குழு ஒன்று இருந்தது. கொரோனா வந்து கோயிலைப் பூட்டியதும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. குழுவை நடத்திவந்த பியூலா டீச்சர் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்தார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டிலேயே முழங்காலில் நிற்க வேண்டும். முடிந்ததும் அடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, "ஏத்துக்கிட்டியா?" என்று கேட்க வேண்டும். "ஏத்துக்கிட்டேன்" என்று பதில் வந்த பிறகுதான் எழுந்திருக்கலாம். இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். ஒருத்தி தன் நேரத்தை விட்டுவிட்டாள் என்று யாருக்குத் தெரிந்தாலும், முறை யாருடையது என்று பார்க்காமல், நிற்கிற இடத்திலேயே அவர் தொடங்கிவிட வேண்டும். ஒருநாள் ஒருத்திக்கு மயக்கம் என்று கேள்விப்பட்டு, டீச்சரே தோசைக்கரண்டியும் கையுமாக அடுப்படியில் முழங்கால் போட்டிருக்கிறார்.

அந்த நாட்களில் சொர்ணபாய் அக்காவின் கணவர் பொன்னையா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் கிடந்தார். அக்காவுக்கும் தொற்று. வாசலில் தகரம் அடித்த வீட்டுக்குள் தனியாக இருந்தார். கணவரைப் போய்ப் பார்க்க வழியில்லை. "எந்நேரமும் அவுகளுக்காக யாராவது ஒருத்தி முழங்கால்ல நிக்கா" என்ற ஒரே நினைப்பில் அக்கா பொழுதைத் தள்ளினார்.

உச்சி நேரம் லீலாவினுடையது. அதற்கு அடுத்தது எதிர்மாடி ஞானசெல்வத்தினுடையது. ஞானத்துக்கு லீலாவைக் கண்டால் ஆகாது. கூட்டத்தில் லீலா ஜெபித்தால் மற்றவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஞானம் ஜெபித்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மனுஷிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு லீலா ஏற்றுக்கொண்ட சற்று நேரத்தில் தெருவில் மீன் வண்டி வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த மீன். லீலாவின் மாமனார் ரசத்தைப் பார்த்துப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம் அது. லீலா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடிவந்து ஒரு சீலாவை வாங்கினாள். வாங்கியதை அப்படியே வைக்க முடியுமா? வாசற்படியில் அரிவாள்மனையோடு உட்கார்ந்தவள் ஜெபத்துக்குத் திரும்பவே இல்லை.

சமையல் முடித்துவிட்டு மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞானம் எல்லாவற்றையும் பார்த்தாள். செதில் தெறித்ததைப் பார்த்தாள். பூனை வந்ததைப் பார்த்தாள். 'பெரிய ஜெபக்காரி! வெட்கக்கேடு!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கூட்டம் மறுபடி கூடட்டும், நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கலாம் என்று எண்ணியபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. குழம்பு கொதிக்கிற வாசனை வரும்வரை அங்கேயே நின்றாள்.

நேரம் முடிந்ததும் போன் வந்தது. "ஏத்துக்கிட்டீங்களா மதினி?"

"ஏத்துக்கிட்டேன்" என்றாள் ஞானம். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த உச்சி நேரத்தில்தான் பொன்னையாவின் மூச்சு நின்றது.

சாயங்காலம் செய்தி தெரிந்ததும் லீலா டீச்சருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி அழுதாள். கொஞ்ச நேரத்தில் சொர்ணபாய் அக்கா டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்நேரம் யாரு டீச்சர் நின்னா?" டீச்சர், "லீலா நின்னா. அழுது ஜெபிச்சா" என்று சொல்லிவிட்டார்.

மாதங்கள் போய்க் கோயில் திறந்தது. அக்கா வீட்டில் நினைவு ஜெபம். அக்கா லீலாவைத் தேடிப்பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கடைசி நேரத்துல அவுகளத் தாங்கினது இந்தக் கைதான்" என்றார்.

லீலா கையைப் பிடுங்கிக்கொண்டாள். "அக்கா, இந்தக் கை மீன் கழுவிக்கிட்டு இருந்துச்சு. சங்கிலிய அறுத்த பாவி நான்தான்."

டீச்சர் எழுந்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும் சொர்ணம். உன் மனசு தாங்காதுன்னு பொய் சொன்னேன். ஜெபிக்காத ஜெபத்துக்கு உன்ன நன்றி சொல்ல வச்சேன். குத்தம் என்மேல."

ஞானம் இத்தனை நாள் காத்திருந்த நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். சொல்ல வைத்திருந்த வார்த்தையும் நாக்கில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்தது. "நான் மாடியில நின்னு பாத்தேன் அக்கா. மொதல்லருந்து கடைசிவரைக்கும் பாத்தேன்." சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சொர்ணபாய் அக்கா மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். வழக்கு இத்துடன் உங்கள் கைக்கு வருகிறது. ஒருத்தி கடமையை விட்டாள். ஒருவர் பொய் சொன்னார். ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுங்கள், சங்கிலி அறுந்தது யார் கையில்?

விடை: லீலா கைநழுவ விட்டது உண்மை. நழுவினால் பிடிக்கத்தான் டீச்சர் சட்டம் வைத்திருந்தார். அந்த டீச்சருக்கோ சாயங்காலம்தான் தெரியும். அதற்குள் பொன்னையா போய்விட்டார். விட்டது தெரிந்தும், வேலை ஒன்றும் இல்லாமலும், உச்சி நேரம் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞானம் ஒருத்திதான். நின்ற இடத்தில் முழங்காலை மடக்கியிருந்தால் போதும், சங்கிலி அறுந்திருக்காது. அக்காவின் தீர்ப்பும் அதுவே. ஆனால் அவர் அதை வாயால் சொல்லவில்லை. அடுத்த வாரம் சங்கிலியை மறுபடி தொடங்கியபோது, ஞானத்துக்கு முந்தைய நேரத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் போனில் அக்காவின் குரல்தான் வருகிறது: "ஏத்துக்கிட்டியா ஞானம்?" முழங்காலில் விழுந்த பிறகுதான் ஞானத்திடமிருந்து பதில் வருகிறது.