கூலி கேட்ட முள்ளம்பன்றிகள்

தாமரைக் குளத்தங்கரையில் நறுக்கி என்றொரு வெள்ளெலி இருந்தாள். வாய் கொள்ளாத பேச்சு, வளை கொள்ளாத கடலை! மழைக்காலத்தில் அவள் குட்டிகளுக்கு அதுதான் சோறு.

அதே கரையில் முள்ளம்பன்றிகள் கூட்டமாகக் கிழங்கு தோண்டின. தோண்டிக்கொண்டே, யார் எங்கே எதைப் புதைக்கிறார்கள் என்றும் பார்த்து வைத்தன. கடலை யாருடையது என்று தகராறு வந்தால், முள் உள்ளவர்களில் அதிகம் பேர் சொல்வதே தீர்ப்பு. அதனால் அடுத்தவர் கடலைக்குச் சொந்தம் கொண்டாடித் திரிந்த பெருச்சாளி தொந்தியப்பனின் பாச்சா அங்கே பலிக்கவில்லை.

வருடத்துக்கு வருடம் கிழங்கு குறைந்தது. மூத்த முள்ளம்பன்றி கோரையன் ஒருநாள் நறுக்கியிடம் வந்தார்.

“கிழங்கு தீரப்போகுதும்மா. இனிமே நீ புதைக்கிற கடலையில பத்துக்கு ஒண்ணு எங்களுக்குக் கொடு. இங்கேயே இருப்போம்.”

“நல்ல கதையா இருக்கே! இத்தனை நாளும் சும்மாதானே பார்த்துக்கிட்டீங்க?”

“சும்மா இல்ல! எங்க கூலியைக் கிழங்கு கொடுத்துச்சு.”

“அப்போ கிழங்குகிட்டயே போய்க் கேளுங்க!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள் நறுக்கி.

முள்ளம்பன்றிகள் ஒவ்வொன்றாக மலைப்பக்கம் போய்விட்டன. கோரையனும் அவர் மனைவியும் மட்டுமே மிஞ்சினார்கள். பத்துக்கு ஒன்று மிச்சம் என்று நறுக்கிக்கு ஒரே குஷி.

மழை இருட்டிக்கொண்டு வந்த அன்று தொந்தியப்பன் நான்கு மச்சான்களோடு வந்து நின்றான். போனவர்கள் உதிர்த்துவிட்டுப் போன முட்களைப் பொறுக்கி, பிசின் வைத்து முதுகில் ஒட்டியிருந்தார்கள்!

“நாங்களும் முள்ளுக்காரங்கதான்! இந்தக் கடலை எங்களோடது. எங்க கண்ணால பார்த்தோம்!”

“பச்சைப் பொய்! அது நறுக்கியோடது!” என்று கோரையனும் மனைவியும் கத்தினார்கள். அது இரண்டு குரல். எதிரே ஐந்து.

நறுக்கி பாய்ந்து ஒரு முள்ளைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. தொந்தியப்பன் கொஞ்சமும் கூசாமல் அதை வாங்கி மறுபடி ஒட்டிக்கொண்டான்.

“முதுகுல முள்ளு இருக்கா, இல்லியா? நாங்க அஞ்சு பேரு, அவங்க ரெண்டு பேரு. தீர்ப்புன்னா தீர்ப்புதான்!” என்றான். ஐவரும் வளையை வழித்துத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

குட்டிகள் பசியில் கீச்சிட்டன. நறுக்கி கோரையன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க! பத்துக்கு ஒண்ணு என்ன, ரெண்டே தர்றேன்!” என்று கதறினாள்.

கோரையன் காலி வளையை எட்டிப் பார்த்தார்.

“எந்தப் பத்தும்மா?” என்று கேட்டார்.

காவலுக்குக் கொஞ்சம் கொடுக்க மனமில்லாதவர்கள், கடைசியில் கள்வனுக்கு மொத்தத்தையும் கொடுக்க நேரிடும்.