யானை தோண்டிய பெரிய ஊற்று

ஒரு காட்டில் ஓர் ஓடை இருந்தது. வருஷம் முழுக்க ஓடிய ஓடை என்று நினைத்துவிடாதீர்கள். பங்குனி பிறந்தால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். மேலே வெள்ளை மணல் மட்டும் காய்ந்து கிடக்கும்.

அதற்காக அந்தக் காட்டு விலங்குகள் யாரிடமும் போய் அழவில்லை. மணலைத் தோண்டின. முழங்கால் ஆழம் தோண்டினால் ஊற்றுக் கண் திறக்கும். காட்டுப்பன்றி மூக்கால் கிளறி ஒன்று, முள்ளம்பன்றி நகத்தால் பறித்து ஒன்று, மான்கள் குளம்பால் தட்டித் தட்டி ஒன்று என்று ஓடை நெடுகப் பதினோரு ஊற்றுகள் இருந்தன. யார் தோண்டியதிலும் யாரும் குடிக்கலாம். சட்டம் ஒன்றே ஒன்று: குடித்தவர், சரிந்து விழுந்த மணலை வெளியே தள்ளிவிட்டுத்தான் கரையேற வேண்டும். அடுத்து வருபவருக்கும் தெளிந்த தண்ணீர் கிடைக்க வேண்டும் அல்லவா?

அந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. மறந்துபோய் நடப்பவரை மற்றவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். "மணலைத் தள்ளிவிட்டுப் போங்கள்" என்ற குரல் கோடை முழுக்க ஓடையில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் குரலில் பாதி ஆட்காட்டிக் குருவியுடையது. குச்சி போன்ற மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு, உடம்புக்குப் பொருந்தாத தொண்டை. எதைக் கண்டாலும் கேள்வி கேட்கும். பதில் சரியில்லை என்றால் மறுபடி கேட்கும்.

அந்த வருஷம் ஆட்காட்டி, கரைமேட்டுக் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருந்தது. ஆட்காட்டிக்குக் கூடும் கிடையாது, நிழலும் கிடையாது. வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும். அதனால் அது ஊற்றுக்கு ஓடும். தண்ணீரில் நின்று வயிற்று இறகை நனைத்துக்கொள்ளும். ஈரம் காய்வதற்குள் ஓடிவந்து முட்டைகளின் மேல் உட்காரும். உச்சிவேளையில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. ஊற்று பக்கத்திலேயே இருந்ததால் அது முடிந்தது.

அந்தக் காட்டில் ஒரு யானையும் இருந்தது. நல்ல யானை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடை வந்தால் மலைக்குப் போய்விடும் யானை, அந்த வருஷம் சில நாள் தாமதித்தது. விலங்குகள் மணலைக் கிளறுவதைப் பார்த்தது. மனம் இளகிவிட்டது.

"பாவம், இத்தனை சின்ன உயிர்கள் தினமும் மண்ணோடு போராடுகின்றனவே" என்றது.

யானையின் நிழலிலேயே நடக்கும் நரி ஒன்று உண்டு. யானை உலுக்கும் மரத்தில் உதிரும் பழம்தான் அதன் சாப்பாடு. யானை எதைச் சொன்னாலும் ஆமாம் போடும்.

"இந்த மனசு யாருக்கு வரும், பெரியவரே? பதினோரு குழி எதற்கு? தாங்கள் பெரிதாக ஒன்று தோண்டிக் கொடுங்கள். தலைமுறைக்கும் 'யானை ஊற்று' என்று பேர் சொல்லும்" என்றது நரி.

யானைக்கு அது பிடித்துப்போயிற்று. நரி காடு முழுக்க ஓடிச் செய்தி சொன்னது.

"நல்லதாய்ப் போயிற்று. என் மூக்குத் தேய்ந்தே போய்விட்டது. இனிமேல் படுத்துத் தூங்கலாம்" என்றது காட்டுப்பன்றி.

"பெரியவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும்" என்றன மான்கள்.

ஆட்காட்டி மட்டும் நரியின் வழியை மறித்தது. "எங்கே தோண்டப் போகிறார்? எவ்வளவு ஆழம்? இறங்கும் வழி எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் முடிவாகிவிட்டது" என்றது நரி.

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேட்டு."

"நீங்கள் எப்போதாவது ஊற்றுத் தோண்டியிருக்கிறீர்களா, நரியாரே?"

"நான் யோசனை சொல்பவன். தோண்டுவது என் வேலையில்லை. உன் கேள்வியை வேலை முடிந்த பிறகு கேள்."

"வேலை முடிந்த பிறகு கேட்டால் அதற்குப் பேர் கேள்வியா, ஒப்பாரியா?"

முயல் பயந்துபோய் ஆட்காட்டியின் காதருகே வந்தது. "சும்மா இரு அக்கா. கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் பெரியவருக்குக் கோபம் வரும்."

"நான் எங்கே வேண்டாம் என்றேன்? எப்படி என்றுதானே கேட்டேன்" என்றது ஆட்காட்டி.

மறுநாள் யானை தோண்ட ஆரம்பித்தது. ஓடை வளையும் இடத்தில், களிமண் கரையை ஒட்டித் தோண்டியது. அள்ளிய மண்ணைப் பின்னால் வீசியது. வீசிய மண் முள்ளம்பன்றியின் ஊற்றை மூடியது. அடுத்து மான்களுடையதை மூடியது.

ஆட்காட்டி யானையின் காலடியில் ஓடிக் கத்தியது. "அண்ணா, அது குடிக்கிற ஊற்று. மூடாதீர்கள்."

"பெரியது வரப்போகிறதே அம்மா, இனிமேல் இந்தச் சின்னது எதற்கு?" என்று அன்பாகவே கேட்டது யானை. அடுத்த பிடி மண்ணையும் அங்கேயே வீசியது.

மூன்று நாள் வேலை நடந்தது. வீசிய மண் ஓடை நெடுகப் பரவிப் பதினோரு ஊற்றுகளும் மூடிப்போயின. குழியில் ஊறிய தண்ணீர் சேறாக இருந்ததால், விழா வரைக்கும் யாரும் கிட்டே போகக்கூடாது, வேறெங்கும் தோண்டவும் கூடாது என்று நரி காவல் நின்றது. எல்லோரும் நாக்கு வறண்டு காத்திருந்தார்கள்.

ஆட்காட்டி காத்திருக்க முடியுமா? முட்டைகள் காத்திருக்குமா? மலையடிவாரத்தில் ஒரு பாறைக்குழியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அவ்வளவு தூரம் பறந்து வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பினால், வந்து சேர்வதற்குள் பாதி ஈரம் காய்ந்துவிடும். ஆனாலும் பறந்தது. மூன்றாம் நாள் மாலை அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டிப் பார்த்தது. மூன்றில் உயிர்த் துடிப்பு தெரிந்தது. ஒன்று கல்போல் அசையாமல் கிடந்தது.

ஆட்காட்டி அன்று கத்தவில்லை. நேராக நரியிடம் போனது.

"நரியாரே, நாளை விழாவில் முதலில் குடிப்பது யார்?"

"இதென்ன கேள்வி? பெரியவர்தான்."

"அப்படியா? பெரியவர் தனக்காகத்தான் தோண்டிக்கொண்டார் என்று பக்கத்துக் காடுகளில் பேசமாட்டார்களா? எல்லாரிலும் சின்னவர் முதலில் குடித்து, பெரியவர் கடைசியில் குடித்தால் அவருடைய பெருந்தன்மை எவ்வளவு தெரியும்."

நரி காதை நிமிர்த்தியது. யானையிடம் ஓடியது. "பெரியவரே, எனக்கு ஒரு யோசனை தோன்றியது" என்று ஆரம்பித்தது.

விழா நாள் காலையில், குழிக்குக் குறுக்கே பூங்கொடி கட்டியிருந்தது. யானை துதிக்கையால் அதை அறுத்தது. எல்லா விலங்குகளும் வாழ்த்தின. நரி நீளமாகப் பேசியது. கடைசியில், "சின்னவர்கள் முதலில்" என்று அறிவித்தது.

முதலில் வந்தது ஆமை. விளிம்பில் நின்று கழுத்தை நீட்டியது. தண்ணீர் எங்கோ கீழே மின்னியது. ஒரு கால் வைத்ததுதான் தெரியும். சர்ரென்று சறுக்கித் தண்ணீரில் மல்லாந்து விழுந்தது. அது தரையில் வாழும் ஆமை, நீந்தத் தெரியாது. யானை பதறித் துதிக்கையை விட்டுத் தூக்கி வெளியே வைத்தது.

"ஆமை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. அடுத்தவர்" என்றது நரி.

"ஆமையா அவசரப்பட்டது?" என்றது ஆட்காட்டி. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அடுத்து முயல். விளிம்புக்கு வந்து, கீழே பார்த்து, இரண்டடி பின்வாங்கியது. "எனக்குத் தாகம் இல்லை" என்றது.

"மூன்று நாளாகவா?" என்றது ஆட்காட்டி.

முயல் தலையைக் குனிந்துகொண்டது.

முள்ளம்பன்றியின் நகம் களிமண்ணில் வழுக்கியது. மான் முன்காலை மடித்துப் படுத்துக் கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. காட்டுப்பன்றி துணிந்து குதித்தது. வயிறு முட்டக் குடித்தது. ஏறத்தான் முடியவில்லை. யானை துதிக்கையால் சுற்றி இழுக்க, மான்கள் மேலே நின்று பார்க்க, அது சேறும் சகதியுமாய்க் கரை வந்து சேர்ந்தது.

"தூங்கலாம் என்றாயே, உள்ளேயே படுத்திருக்கலாமே" என்றது முள்ளம்பன்றி.

கடைசியில் யானையின் முறை. துதிக்கையை நீட்டியது. தண்ணீர் எளிதாக எட்டியது. ஆனால் உறிஞ்சவில்லை. சுற்றிலும் பார்த்தது. காய்ந்த நாக்குகளோடு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் நல்லதுக்குத்தானே செய்தேன்?" என்று மெல்லக் கேட்டது.

"நல்லதுக்குத்தான் செய்தீர்கள், அண்ணா" என்றது ஆட்காட்டி. "அதனால்தான் யாருக்கும் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் உங்கள் துதிக்கையின் நீளத்துக்கு அளவெடுத்துத் தோண்டிவிட்டீர்கள். என் கால் ஒரு சாண். ஆமைக்கு அதுவும் இல்லை. எங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். எனக்கு நான்கு முட்டை இருந்தது. இப்போது மூன்றுதான் இருக்கிறது."

"நன்றி கெட்ட கூட்டம்" என்றது நரி.

"நீ கொஞ்சம் வாயை மூடு" என்றது யானை. நரியிடம் அது அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

பிறகு ஆட்காட்டிக்கு முன்னால் முழங்கால் மடித்து உட்கார்ந்தது. "எப்படித் தோண்டட்டும்? சொல்லம்மா."

"என்னை மட்டும் கேட்காதீர்கள். காடு முழுக்க ஒரு சாண் ஆழத்தில் தோண்டச் சொல்லிவிடுவேன். எல்லாரையும் கேளுங்கள்."

யானை எல்லாரையும் கேட்டது. கேட்டதும்தான் வாய்கள் திறந்தன. மணலுக்குள் ஈரம் எங்கே ஓடுகிறது என்று முள்ளம்பன்றி காட்டியது. மூடிய ஊற்றுகளின் மேலிருந்த மண்ணை யானை அள்ளி ஒதுக்கியது. அந்த பலம் வேறு யாருக்கும் இல்லை. பெரிய குழியையும் வீணாக்கவில்லை. கோடையின் கடைசி மாதத்தில் சின்ன ஊற்றுகள் வற்றினாலும் ஆழமான இதில் தண்ணீர் நிற்கும் என்று கிழக்குப் பக்கம் சரிவாக வெட்டினார்கள். காட்டுப்பன்றி மூக்கால் கிளறியது. மான்கள் குளம்பால் மிதித்து இறுக்கின. ஆமை அந்தச் சரிவில் இறங்கி ஏறிப் பார்த்தது. இரண்டு தடவை சறுக்கியது. இரண்டு தடவையும் இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். மூன்றாம் தடவை, யார் கையும் படாமல் ஆமை கரையேறியது. அப்புறம்தான் வேலை முடிந்தது என்றார்கள்.

ஆட்காட்டி அதற்குள் பக்கத்து ஊற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு முட்டைகளிடம் ஓடிவிட்டது.

யானை மலைக்குப் புறப்பட்டது. நரியும் கூடவே போனது.

இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று கோடை மழை கொட்டியது. ஓடையில் ஒரே நாள் வெள்ளம். மறுநாள் வெள்ளம் வடிந்துவிட்டது. வெயில் பழையபடி காய்ந்தது. ஊற்றுகள் எல்லாம் மணலால் மூடிப்போயிருந்தன. பெரியதும்கூடத்தான்.

பழம் தேடிக் கீழே வந்திருந்த நரி அதைப் பார்த்தது. மலைக்கு ஓடியது. "பெரியவரே, எல்லாம் போயிற்று. தாங்கள் வராவிட்டால் அத்தனை பேரும் செத்துப்போவார்கள்."

யானை இரண்டு நாள் நிற்காமல் நடந்து வந்தது. ஓடைக்கரை ஏறி எட்டிப் பார்த்தது.

ஒன்பது ஊற்றுகள் திறந்திருந்தன. முயல் ஒன்றில் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய குழியின் சரிவில் ஆமை நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஆட்காட்டியின் முட்டைகள் இருந்த கரைமேட்டுக்குப் பக்கத்து ஊற்றை, வெள்ளம் வடிந்த அன்றே, வெயில் ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் முதலில் திறந்திருந்தார்கள்.

"யார் தோண்டியது?" என்று கேட்டது யானை.

"நாங்கள்தான்" என்றது காட்டுப்பன்றி.

"யார் சொல்லி?"

"யார் சொல்ல வேண்டும்? தாகம் சொன்னது."

யானை சிரித்துக்கொண்டே பெரிய ஊற்றில் இறங்கியது. வழிக் களைப்புத் தீரக் குடித்தது. அதன் கால் பட்டு ஒரு பக்கம் மணல் சரிந்து தண்ணீரில் விழுந்தது. யானை கவனிக்காமல் திரும்பிக் கரையேறியது.

"மணலைத் தள்ளிவிட்டுப் போங்கள்."

கீச்சென்ற குரல். யானை குனிந்து பார்த்தது. குச்சிக் கால்களில் பஞ்சுருண்டை போல மூன்று ஆட்காட்டிக் குஞ்சுகள் நின்றன. முட்டையிலிருந்து வெளியே வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது.

"யாரிடம் பேசுகிறாய் என்று தெரியுமா?" என்று நரி அதட்டியது.

"தெரியாது. மணலைத் தள்ளிவிட்டுப் போங்கள்" என்றது நடுவில் நின்ற குஞ்சு.

யானை திரும்ப உள்ளே இறங்கியது. சரிந்த மணலைத் துதிக்கையால் ஒவ்வொரு பிடியாக அள்ளி வெளியே போட்டது. தண்ணீர் தெளியும்வரை நின்று பார்த்துவிட்டு, பிறகு கரையேறியது.

நீதி: யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து செய்வதே உதவி; அதுதான் நாம் இல்லாத நாளிலும் நிலைக்கும்.