ராசா முகம் போன வெள்ளிக்காசு

கேளுங்கள். உங்களில் சந்தேகப் பேர்வழி யாராவது இருந்தால் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்து கேளுங்கள். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் அருணகிரிச் செட்டியார் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பெற்ற தாய் மோர் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவருக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு தோணி. அடுத்தவர் தோணியில் சரக்கு ஏற்றி ஏற்றி, லாபமெல்லாம் கூலிக்கே போய்க்கொண்டிருந்தது. வயதும் ஆகிவிட்டது. அந்த வருஷம் துறைமுகக் கச்சேரியில், அதாவது துரைமார் அலுவலகத்தில், நல்ல தோணி ஒன்று ஏலத்துக்கு வந்தது. அவரும் கூட்டாளி நெய்னா மரைக்காயரும் பாதிப் பாதி போட்டு எடுப்பதாகப் பேச்சு.

மரைக்காயர் கடல் கடந்து போய் இருவரின் துணியையும் விற்று, பிரெஞ்சு ராசா தலை போட்ட பெரிய வெள்ளிக்காசாக வாங்கி வந்தார். எக்யூ என்று அதற்குப் பெயர். ஒரு எக்யூவுக்கு ஆறு லீவ்ரு பணம் என்பது துரைமார் கணக்கு. காசைச் சமமாக இரண்டு பையில் கட்டி முன்னால் வைத்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அங்கேதான் பிடித்தது சனியன். எதை வேண்டுமானாலும் எடு என்கிறாரே, அப்படியானால் இரண்டிலுமே ஏதோ இருக்கிறது என்று செட்டியார் நினைத்தார். வெள்ளி பூசிய ஈயமாக இருந்தால்? ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நேரே சராப்பு கடைக்கு நடந்தார்.

சராப்பு என்றால் காசு நல்லதா போலியா என்று பார்த்துச் சொல்கிறவர். நல்லது என்றால் உளியால் ஓர் அடையாளம் வெட்டுவார். உதிரும் வெள்ளிதான் அவர் கூலி. முதல் சராப்பு கல்லில் தட்டிக் கேட்டு, நல்ல வெள்ளி என்று வெட்டிக் கொடுத்தார். இவர் மரைக்காயருக்கு வேண்டியவரோ என்று செட்டியாருக்கு உறுத்தியது. இரண்டாம் சராப்பு உரைத்துப் பார்த்து, நல்ல வெள்ளி என்று அவரும் வெட்டினார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று உறுத்தியது. மூன்றாமவரிடம் போய், ஒவ்வொரு காசையும் நடுவிலேயே ஆழமாக வெட்டிக் காட்டச் சொன்னார். உள்ளேயும் வெள்ளிதான். அன்றைக்குத்தான் மனுஷர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஏலத்தன்று கச்சேரிக் கணக்கர் செட்டியாரின் பையை அவிழ்த்தார். எந்தக் காசிலும் ராசாவுக்கு மூக்கும் இல்லை, முகமும் இல்லை. முழுக் காசுக்குத்தான் முழு விலை, வெட்டுப்பட்டதை எடைக்குத்தான் எடுப்போம் என்றார். தராசில் போட்டால் காசுக்கு ஐந்து லீவ்ருகூடத் தேறவில்லை. மரைக்காயர் பையில் இருந்தவை முழு விலைக்குப் போயின. குறைந்ததை மரைக்காயரால் தனியாக ஈடுகட்ட முடியவில்லை. பக்கத்தில் நின்ற எண்ணெய் வியாபாரி ஒருவர் பாதியைப் போட, தோணி அவருக்கும் மரைக்காயருக்கும் ஆனது.

செட்டியாருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு மரைக்காயர் கையைப் பிடித்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, இந்தக் காசுக்கு வருகிற பங்கையாவது தோணியில் கொடுக்கும்படி கெஞ்சினார்.

மரைக்காயர் வெட்டுப்பட்ட காசு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"கொடுக்க எனக்கும் மனசுதான், செட்டியாரே. ஆனா நாளைக்கு நல்ல மரந்தானான்னு சந்தேகம் வந்து, பலகையையும் வெட்டிப் பார்ப்பீங்க. நடுக்கடல்ல நாங்க என்ன பண்றது?"

ஆகையால் சொல்கிறேன், ஒருமுறை சோதிப்பது புத்தி, ஆனால் தீராத சந்தேகம் கையில் இருக்கும் நல்ல பொருளையும் கெடுத்து, கூட இருக்கும் நல்லவரையும் விலக்கிவிடும்.