கிணற்றில் விழுந்த மாட்டுக்கு முன்னால் என்ன போடுவது?

கோணலூர்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி இம்மி பிசகாமல் செய்கிறவர்கள். சிக்கலே அதில்தான்.

ஒருநாள் விடிந்ததும் தவசியின் உழவு மாடு பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. தண்ணீர் இல்லாத கிணறு. அடிபடாத மாடு, அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையே விழுந்ததுபோல் தவசி கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அது இல்லாவிட்டால் இந்த வருஷம் உழவே கிடையாது.

பக்கத்து டவுனில் தீயணைப்பு நிலையம் இருந்தது. ஆனால் புதிதாக வந்திருந்த அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. இங்கிலீஷில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊரில் இங்கிலீஷ் படித்தவன் பெருமாச்சி ஒருவன்தான். டியூஷன் வாத்தியார் சொன்னதில் ஒன்றே ஒன்றை அவன் மறக்காமல் வைத்திருந்தான். பொருளின் பெயரை மொட்டையாக எழுதக்கூடாது. படிக்கிறவருக்குத் தெரியாத பொருள் என்றால் முன்னால் 'எ' போட வேண்டும், தெரிந்த பொருள் என்றால் 'தி' போட வேண்டும்.

"தவசிண்ணே, ஐயாவுக்கு ஒங்க மாட்டைத் தெரியுமா?" என்று கேட்டான் பெருமாச்சி.

"தெரியாதேப்பா."

"அப்ப 'எ'தான். ஏதோ ஒரு மாடுன்னு அர்த்தம்."

தவசி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏதோ ஒரு மாடுன்னா, ஏதோ ஒண்ணைத் தூக்கி விட்டுட்டுப் போயிருவாரே! என் மாடு உள்ளயே கெடந்து சாகுமே! 'தி' போடுப்பா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"தெரியாத மாட்டைத் தெரிஞ்ச மாடுன்னு எழுதுறதா? கோணலூர்க்காரன் பொய் எழுதுனான்னு பேரு வரவா?"

ஊருக்கே யோசனை சொல்லும் சடையன் தொண்டையைக் கனைத்தான்.

"தெரியாதுன்னா தெரிய வச்சுட்டாப் போச்சு. மாட்டைக் கூட்டிட்டுப் போயி ஐயாகிட்ட காட்டுவோம்."

"அது கிணத்துக்குள்ள இருக்கே?"

"தூக்குங்கப்பா!"

ஊரே கூடியது. தேர் வடத்தைக் கொண்டுவந்து, மாட்டின் வயிற்றுக்குச் சாக்குக் கட்டி, மூச்சு வாங்க மேலே இழுத்துப் போட்டார்கள். தவசி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமாச்சியையும் சடையனையும் கூட்டிக்கொண்டு, மாட்டை டவுனுக்கு ஓட்டிப்போனான்.

அதிகாரி மாட்டைப் பார்த்தார். மாடும் அதிகாரியைப் பார்த்தது. என்ன வேண்டும் என்று அவர் கையால் கேட்டார். மூவரும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"இனி தாராளமா 'தி' போடலாம்" என்று பேனாவைத் திறந்த பெருமாச்சி, சட்டென்று நிமிர்ந்தான். "மாடு கிணத்துல கெடக்குன்னு எழுதணும். ஆனா இப்ப வெளியில நிக்குதே. பொய்யாயிருமே!"

நியாயம்தானே! தவசிக்கு மனசே வரவில்லை. ஆனாலும் மாட்டைக் காப்பாற்ற வேறு வழி ஏது? நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, ஊர்க்காரர்களோடு சேர்ந்து வடத்தைப் பிடித்து, வலிக்காமல் மெதுவாகக் கிணற்றுக்குள் இறக்கினான்.

பெருமாச்சி மாட்டுக்கு முன்னால் ஜம்மென்று 'தி' போட்டான். அடுத்து கிணறு என்று எழுத வந்தவனின் கை நின்றுவிட்டது.

"ஐயா நம்ம கிணத்தைப் பாத்துருக்காரா?"

"எங்க பாத்தாரு?" என்றான் சடையன்.

"'எ' போட்டா ஏதோ ஒரு கிணத்துல போயித் தேடுவாரே" என்று தவசி புலம்பினான்.

"அப்ப கிணத்தையும் கூட்டிட்டுப் போயிர வேண்டியதுதான்" என்றான் சடையன்.

கிணற்றின் சுவரைச் சுற்றி வடத்தைக் கட்டி இழுத்தார்கள். அசையவில்லை.

"இதுக்கெல்லாம் ஆளு பத்தாதுப்பா, மாடு வேணும்" என்றான் தவசி. உள்ளே இறங்கிச் சாக்குக் கட்டி, ஊரார் இழுக்க, தன் மாட்டையே மறுபடி மேலே ஏற்றி, வடத்தில் பூட்டினான்.

மாடு முக்கி முக்கி இழுத்துக்கொண்டிருந்தது. சடையன் முன்னால் ஓடி, "ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க, கிணறு வருது!" என்று ரோட்டில் போகிறவர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.