முதலாளி வெச்ச பேர்

"அவ என்னை ஏமாத்திட்டா, தாயே."

வந்து உக்காரக்கூட இல்லை. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு தனுஷ்கோடி முதலாளி.

மதுரையில மூணு மாடிப் பாத்திரக் கடை அவருக்கு. மாசம் பொறந்தா முதல் ஞாயித்துக்கிழமை எங்க ஆசிரமத்துல ஆஜர். அவருக்கு வயசு அறுபத்திரெண்டு, எங்க குருவம்மாவுக்கு நாப்பது. ஆனாலும் அவங்க முன்னாடி கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு.

நான் இங்க சமையல். அந்தக் கூடத்து ஓரமா உக்காந்து கத்தரிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன்.

"யாரு?"ன்னு கேட்டாங்க குருவம்மா.

"சுதா. எங்க ஆபீஸ் பொண்ணு. பதினோரு வருஷம் எங்கிட்ட இருந்தவ. ஒரு வரி எழுதி மேசையில வெச்சுட்டுப் போயிட்டா."

"என்ன எழுதியிருந்தா?"

"நாளையிலருந்து வேலைக்கு வரமாட்டேன்னு. அவ்வளவுதான். நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது."

கக்கத்துல ஒரு நீல ஃபைலை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு.

"அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன், தாயே? அவ மேசைக்கு மேல தனியா ஒரு கேமரா மாட்டிக் குடுத்தேன். சிங்கப்பூர் போனாக்கூட அங்கருந்து பாப்பேன். டிபன் பாக்ஸ்ல சாப்பாட்டை மிச்சம் வெச்சா உடனே போன் போட்டுக் கேப்பேன். பெத்த அப்பன் கேப்பானா?"

முதலாளி மேல மேல அடுக்கிக்கிட்டே போனாரு.

"என்ன புடவை கட்டணும்னு காலையில நானே சொல்லிருவேன். வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் போட்டோ எடுத்து அனுப்பணும். யோசிக்கிற கஷ்டத்தையே அவளுக்கு நான் வெக்கலை."

"கல்யாணம்?"

"ரெண்டு இடத்துலருந்து கடைக்கே வந்து விசாரிச்சாங்க. தங்கமான பொண்ணுன்னுதான் சொன்னேன். ஆனா கட்டிக்கிட்டுப் போனாலும், நான் எந்நேரம் போன் பண்ணினாலும் எடுத்துத்தான் ஆகணும்னு சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? ரெண்டு பேருமே அப்புறம் வரலை. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அடப்பாவி மனுஷா! கத்தியைக் கீழ வெச்சுட்டேன். அப்ப அது என் கையில இருக்கறது நல்லதில்லைன்னு பட்டுச்சு.

"ஃபைல்ல என்ன?"

"அவ சர்டிபிகேட்டுங்க. எல்லாம் ஒரிஜினல். சேரும்போதே வாங்கி வெச்சுக்கிட்டேன். இது எங்கிட்ட இருக்கறவரைக்கும் அவ எங்க போயிருவா? தூங்கும்போதுகூடத் தலைமாட்டுலதான் வெச்சுக்கறேன். நீங்க தொட்டு ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க தாயே. அவ திரும்பி வந்துரணும்."

இங்க ஒண்ணு சொல்லணும். அந்தப் பொண்ணு காலையிலருந்து எங்க பின்வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தா. முதலாளி ஞாயித்துக்கிழமை எங்க இருப்பாருன்னு அவளுக்குத் தெரியாதா? ஒரு பால் பண்ணை ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. மறுநாள் காலையில பத்து மணிக்கு ஒரிஜினலைக் காட்டிச் சேரணும். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம். நான் குடுத்த மோரைக்கூடக் குடிக்காம, டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே இதெல்லாம் சொன்னா. நான் அப்பவே உள்ள வந்து குருவம்மா காதுல போட்டுட்டேன்.

குருவம்மா என் பக்கம் திரும்பினாங்க.

"அவளை வரச் சொல்லு."

போய்க் கூட்டிட்டு வந்தேன். முத்தத்துல கிணத்துக்கிட்ட வந்து நின்னுட்டா, அதுக்கு மேல வரலை.

அவளைக் கண்டதும் முதலாளிக்கு முகமெல்லாம் பல்லு.

"பாத்தீங்களா தாயே, வந்துட்டா!"

"அவளைக் கூப்பிட்டு ஃபைலை அவ கையில குடுங்க"ன்னாங்க குருவம்மா.

"குடுத்துட்டா போயிருவாளே?"

"நான் சொன்னா செய்வீங்கதானே?"

கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு.

"சரி தாயே. என் மூஞ்சியைப் பாத்தப்புறம் அவளால போக முடியாது. நான் கூப்பிட்டா போட்டது போட்டபடி ஓடி வருவா, பாருங்க."

தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"சுதா! இங்க வா."

அவ அசையலை.

"ஏய் சுதா! உன்னைத்தான். ஃபைல் வேணுமா, வேண்டாமா?"

அவரையே பாத்துக்கிட்டு நிக்கறா. கால் நகரலை. எனக்கானா பதறுது. பத்தடி தூரத்துல அவ பொழைப்பு இருக்கு, எட்டி வாங்கிட்டா முடிஞ்சுது. நான் ஓடிப் போய் அவ தோளைப் பிடிச்சு உலுக்கினேன்.

"பைத்தியக்காரி, போய் வாங்கிக்கயேன்டி!"

"அவர் வேற யாரையோ கூப்பிடறாருங்கக்கா."

அவர் மேலருந்து கண்ணை எடுக்காமத்தான் சொன்னா.

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு.

"திமிரைப் பாத்தீங்களா தாயே! நான் வெச்ச பேரு அது. பதினோரு வருஷமா அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாத்தா."

"அவளுக்குன்னு பேரு இல்லையா?"

"இருக்கு. ஆனா எங்க அம்மா பேரும் அதேதான். அம்மா பேரைச் சொல்லி ஒருத்தியை ஏவ முடியுங்களா? திட்டத்தான் வாய் வருங்களா? அதான் சேந்த அன்னைக்கே மாத்திட்டேன்."

குருவம்மா கோவப்பட்டு நான் பாத்ததே இல்லை. அன்னைக்குப் பாத்தேன். விருட்டுன்னு எந்திரிச்சு வந்து, அவர் கக்கத்துலருந்து ஃபைலை உருவி, முதல் தாளைப் பிரிச்சு அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க.

"படிங்க."

"தாயே, அது வந்து..."

"இதுல என்ன போட்டிருக்கோ, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க. முடியாதுன்னா இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதீங்க."

வாயைத் திறந்தாரு, மூடினாரு. துண்டை எடுத்து நெத்தியைத் துடைச்சாரு. கடையில நூறு பேரை நிக்க வெச்சு அதட்டற மனுஷன், ஒரு பேரைச் சொல்ல அந்தப் பாடு பட்டாரு.

"அங்கயற்கண்ணி."

அவ பக்கத்துலயே நின்ன எனக்குச் சரியாக் கேக்கலை. அவளுக்குக் கேட்டுருச்சு. வந்தா.

ஃபைலை வாங்கிக்கிட்டுத் தரையில உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா. பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, டி.சி. எல்லாம் இருந்துச்சு.

"சாப்பிட்டியா?"ன்னு கேட்டாரு முதலாளி.

அவ குருவம்மாவை விழுந்து கும்பிட்டா. எந்திரிச்சு, "மதுரைக்கு அடுத்த பஸ் எப்பக்கா?"ன்னு எங்கிட்ட கேட்டா. சொன்னேன். ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா.

முதலாளி வாசல்வரைக்கும் பின்னாலயே போய் நின்னுட்டுத் திரும்பி வந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்குத் துளிகூட இரக்கம் வரலை.

"பதினோரு வருஷம், தாயே. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போறாளே!"

"முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட அவ என்னத்தைப் பேசுவா?"ன்னாங்க குருவம்மா.