வெள்ளைக் கல் முகம்

பாலாற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரைக் குருவாக வரித்துக்கொண்ட கஜேந்திரனுக்கு அறுபத்தெட்டு. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிசியோதெரபி பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கஜேந்திரன் துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மெல்லப் பிரித்தார். உள்ளே ஒரு பெண் முகம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெள்ளைக் கல்லில் செதுக்கியது. மூக்கு உடைந்திருந்தது.

"என்ன இது?"

"வெளிநாட்டுலேர்ந்து பரிசா வந்தது, சாமி. ரெண்டு வருஷமா எங்கிட்ட இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துப் பழசுங்கறார் ஒருத்தர். சந்தையில விக்கறதுக்காக இப்பச் செதுக்கினதுங்கறார் இன்னொருத்தர். பதினோரு பேருக்குப் படம் அனுப்பிட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அதனால?"

"நிம்மதி போச்சு. பீரோவுல பூட்டிச் சாவியை நானே வெச்சுக்கறேன். வீட்டு வேலைக்கு வந்தவங்க இதை எடுத்துப் பார்த்தாங்கன்னு அவங்களை வேலைய விட்டு நிறுத்திட்டேன். அதுலேர்ந்து சம்சாரம் எங்கூடப் பேசறதில்ல. இது நிஜமாவே பழசுதானான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சாமி கல்லைத் தொடவில்லை.

"யார் குடுத்தது?"

"யாசின்னு ஒருத்தர். அவர் பொண்ணு மரியம் மாடியிலேர்ந்து விழுந்து முதுகெலும்பு உடைஞ்சு போச்சு. நம்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். எட்டு மாசம் நான்தான் பயிற்சி குடுத்தேன். நடந்து போனா. ஊருக்குப் போனதும் இதை அனுப்பினார். வாசல் சுவர்ல அவங்க தாத்தா பதிச்சு வெச்சதாம். சுவரைப் பெயர்த்து எடுத்திருக்கார்."

"இப்ப எப்படி இருக்கார்?"

கஜேந்திரன் துண்டின் ஓரத்தை நீவினார்.

"அங்க போன வருஷத்துலேர்ந்து சண்டை, சாமி."

"அவர் எப்படி இருக்கார்?"

"கேக்கல."

"பதினோரு பேருக்கு எழுதினீங்களே."

கஜேந்திரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"பேசுங்க."

இரண்டு முறை மணி அடித்து அறுந்தது. மூன்றாம் முறை ஒரு பெண் குரல் கேட்டது.

"கஜா அங்கிள்?"

எட்டு மாதத்தில் மரியம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தாள். கஜேந்திரனின் முகம் மலர்ந்தது.

"மரியம், எப்படிம்மா இருக்கே? அப்பாகிட்ட குடு."

"அப்பா இல்ல."

"வெளிய போயிருக்காரா?"

"இல்ல, அங்கிள். அப்பா இல்ல. அம்மா இல்ல. வீடு இல்ல."

மூன்றையும் ஒரே குரலில் சொன்னாள். துக்கத்தைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

கஜேந்திரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நீ எங்க இருக்கே?" என்றார்.

"டென்ட்ல. நிறைய பேர் இருக்காங்க."

"கால் எப்படி இருக்கு?"

"நடக்கறேன். ரொம்ப தூரம் நடந்தேன்."

பின்னால் யாரோ கத்தும் சத்தம். அவள் குரல் விட்டு விட்டு வந்தது.

"அங்கிள், அந்த முகம் இருக்கா?"

"இருக்கும்மா. இதோ என் முன்னாலதான் இருக்கு."

"உடையலயே?"

"இல்ல."

"நல்லது. எங்க வீட்டுல அதுதான் மீதி."

மீதி என்ற சொல்லை அவள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மருந்துக் கடையில் சில்லறை வாங்கும்போது கற்றிருந்தாள். அவர் அடுத்துப் பேசுவதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

கஜேந்திரன் போனைக் கீழே வைத்தார். கல்லைப் பார்க்க முடியாமல் ஆற்றுப் பக்கம் பார்த்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் மட்டும் தெரிந்தன.

"இதைத் திருப்பிக் குடுத்துடறேன், சாமி."

"எந்த விலாசத்துக்கு?"

"ஏதாவது மியூசியத்துல சேர்த்துடட்டுமா?"

"அவ கேட்டா, மியூசியத்துல போய்ப் பாருன்னு சொல்வீங்களா?"

கஜேந்திரன் குனிந்துகொண்டார். தயங்கிக் கேட்டார்.

"அப்ப இது என்னோடதா?"

சாமி முதல் தடவையாக அந்தக் கல்லைத் தொட்டார். துண்டில் நன்றாகச் சுற்றி கஜேந்திரன் மடியில் வைத்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை உண்டில்ல?"

"உண்டு, சாமி."

"மருந்து?"

"சில நாள் மறந்துடறேன்."

"மறக்காம சாப்பிடுங்க. அந்தப் பொண்ணு இதைப் பதிக்க ஒரு சுவர் எழுப்பற வரைக்கும் நீங்க உயிரோட இருக்கணும்."